நோவாவின் முதல் உதை

இமோஜீன் டாக்கெட்டுக்குப் பொய் சொல்ல வராது என்று மட்லிக் கிரீக் ஊர் முழுக்கச் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? மூன்று வருடமாக ஒரே பொய்யை, அதுவும் கட்டிய புருஷனிடமே, முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு கன்வெர்ட்டர் வாங்கப் போன இடத்தில்தான் அது பிடிபட்டது.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருட வேலை. தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோள ரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போடுவாள். தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், தட்டு காலி. அப்படிப்பட்டவள் சனிக்கிழமை ஆனால் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எழுபதாம் வருடத்து நீல நோவா காரில் ஏறி, ஆற்றோரப் பந்தயத் தடத்தில் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரத்தை எட்டே கால் விநாடியில் கடப்பாள்.

காரைக் கட்டியது அவள் புருஷன் லோவெல். கல் குவாரியில் லாரி ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்துக் கட்டினான். இருபது வருடம் அவனேதான் ஓட்டினான். வாங்கிய கோப்பை இரண்டு. பிறகு சர்க்கரை நோய் வந்தது. முதலில் கண்ணைத் தின்றது, அடுத்து சிறுநீரகத்தைத் தின்றது. இப்போது எதிரே நிற்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்வான். கார் தூசி படிந்து கிடக்கக் கூடாது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவளை வற்புறுத்தி ஓட்ட வைத்தான். முதல் கோடையிலேயே நாலு கோப்பை அடித்துவிட்டாள் மகராசி.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தத் தடத்தில் வேகமான கார்தான் ஜெயிக்கும் என்று கிடையாது. என் கார் இத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்குத் தக்கபடி முதலில் கிளப்பி விடுவார்கள். எழுதியதைவிடச் சீக்கிரம் ஓடிவிட்டால் தோல்வி. ஆகவே சொன்ன சொல் தவறாமல் ஓடுகிறவருக்குத்தான் கோப்பை. முந்நூறு பிள்ளைகளுக்குத் தினமும் ஒரே ருசியில் சமைப்பவளுக்கு இதுவா கஷ்டம்?

ஆனால் யார் பாராட்டினாலும் அவள் பதில் ஒன்றுதான். "எனக்கென்ன இருக்கு இதுல? எல்லாம் லோவெலுக்காகத்தான். அந்த மனுஷன் வாரம் பூரா சனிக்கிழமைக்காகத்தான் உசுரைப் பிடிச்சிட்டிருக்கான்." தோற்றுவிட்டு வந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டு சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவாள். இதுதான் நான் சொன்ன பொய்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் லோவெலுக்கு டயாலிசிஸ். போர்ட்ஸ்மத் போக முப்பத்தெட்டு மைல், வர முப்பத்தெட்டு மைல். வீட்டில் இருந்த டிரக்கை மகள் ட்ரீசா தன் புருஷனின் புது வேலைக்காகக் கொலம்பஸுக்கு எடுத்துப் போய்விட்டாள். அதனால் பந்தயத்துக்கும் நோவாதான், ஆஸ்பத்திரிக்கும் நோவாதான். அதில் இருந்ததோ பந்தயத்துக்கென்றே கட்டின கன்வெர்ட்டர்.

கன்வெர்ட்டர் என்பது என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பி நிற்கும் ஒரு டப்பா. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு விசிறிகள். ஒன்றை என்ஜின் சுழற்றும், அது தள்ளுகிற எண்ணெய் மற்றதைச் சுழற்றும், கார் நகரும். பிடி தளர்வாக இருந்தால் என்ஜின் முதலில் சீறி எழுந்து, அப்புறம் முதுகில் ஓர் உதை விட்டுக் காரைக் கிளப்பும். பந்தயத்துக்கு அதுதான் வேண்டும். தெருவிலோ அது வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதித்துவிடும். பிடி இறுக்கமாக இருந்தால் தெருவில் சுகம், பந்தயத்தில் உதையே இருக்காது.

ஏப்ரல் கடைசி புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, வழியில் இருக்கும் சாயர் மேட்டில் பாதி ஏறியதும் எண்ணெய் கொதித்து வெளியே கொட்டியது. ஒரே புகை. டயாலிசிஸ் முடிந்த உடம்பில் லோவெலுக்குக் கழுத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பு இருக்காது. சாலையோரப் புல்லில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அட்டைத் துண்டால் விசிறியபடி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் இமோஜீன். அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கடைசியில் ஒரு ரொட்டி வேன்காரர் பார்த்து நிறுத்தினார்.

சேதி கேட்டு ட்ரீசா பறந்து வந்தாள். அவள் அப்பனுக்குப் பிறந்தவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நோவாவை வித்துடலாம்பா. லெக்சிங்டன்ல ஒருத்தர் வாங்கியே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். அந்தக் காசுக்கு ஒரு நல்ல காரா வாங்கிக்கலாம்."

"கார் மேல என்னடி தப்பு? கன்வெர்ட்டர் மேல தப்பு. ரெண்டுக்கும் தாங்கற மாதிரி வேற போட்டாப் போச்சு," என்றான் லோவெல்.

"ஆஸ்பத்திரிக்கும் பந்தயத்துக்கும் ஒரே காரா? கேட்கவே நல்லா இல்லப்பா. சரி, மே கடைசில மெமோரியல் டே லீவு வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள கார் கொதிக்காம அந்த மேட்டை ஏறணும். இல்லன்னா லெக்சிங்டன்காரர் வந்து ஓட்டிட்டுப் போயிடுவார், நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்."

நோவாவை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதை இமோஜீனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதை யாரிடம் சொல்வாள்?

இண்டியானாவில் கின்சர் என்று ஒருவர். கன்வெர்ட்டர் கட்டுவதே தொழில். போனிலேயே கேள்வி கேட்டு, பதிலுக்குத் தகுந்தபடி கட்டி அனுப்புவார். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லோவெல் ஷெட்டில் இருந்த ஸ்பீக்கர் போனில் அவரைக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு பர்ல் முக்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். இமோஜீன் கதவருகே நின்றாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பந்தயக்காரர்கள் மற்ற எல்லாவற்றிலும் யோக்கியர்கள். என்ஜினின் பலம், காரின் எடை, தெருவில் ஓட்டுகிற கணக்கு, இந்த மூன்றில் மட்டும் கூசாமல் அளந்து விடுவார்கள். கன்வெர்ட்டர்காரரிடம் அளந்து விட்டால் அந்தப் பொய்க்குத் தகுந்த சாமான்தான் வரும் என்று தெரிந்தே அளந்து விடுவார்கள். என்ன ஜென்மமோ!

"என்ஜின் எவ்வளவு குதிரை பலம்?" என்றார் கின்சர்.

"நானூத்தம்பது. ஒன்னு ரெண்டு கூட இருந்தாலும் இருக்கும்."

பர்ல் இருமினான். இருபது வருடமாக அந்த நானூற்றைம்பதைக் கேட்டுக் கேட்டு இருமியவன் அவன்.

"கார் எடை?"

"மூவாயிரம் பவுண்டு."

தானியக் கிடங்கின் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது மூவாயிரத்து நானூற்று எண்பது காட்டியதை இமோஜீன் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். பர்ல் இன்னொரு தடவை இருமினான்.

"தெருவுல எவ்வளவு ஓடும்?"

லோவெல் கொஞ்சம் தாமதித்தான். "தெருவுலயா? எப்பவாவது ஐஸ்கிரீம் வாங்கப் போவோம். அவ்வளவுதான்."

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. பர்ல் குனிந்து தன் காலணியைப் பார்த்தான். கார் படுத்ததிலிருந்து தன் வேனில் லோவெலை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போய் வருகிறவனே அவன்தான். இமோஜீனுக்கு முதலில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் லோவெலின் முகத்தைப் பார்த்தாள். தான் ஒரு நோயாளி என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல அந்த மனிதனுக்கு நாக்கு எழவில்லை. பாவமாக இருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மாத்தணும்னா மாத்தலாம்," என்றார் கின்சர். "அப்புறம் கட்ட ஆரம்பிச்சுடுவேன்." இப்படிப்பட்ட பதில்களைத் தினமும் கேட்கிறவர் போலிருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிச் சமையலறைச் சுவரில் இருந்த போனில் இமோஜீன் அவரைக் கூப்பிட்டாள்.

"என் வீட்டுக்காரர் நேத்து உங்ககிட்ட தெருக் கணக்கைச் சரியா சொல்லல. வாரத்துல மூணு நாள்..."

"டயாலிசிஸ். சாயர் மேடு. எழுபத்தாறு மைல்," என்றார் கின்சர். "காலைல ஏழு மணிக்கே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, மேடம்."

அவள் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பியிருந்தாள். "லோவெலா? அவனா சொன்னான்?"

"அவரேதான். பந்தயத்தை மறந்துடுங்க, தெருவுக்குன்னே இறுக்கமா ஒன்னு கட்டிக் குடுங்கன்னாரு."

"பந்தயத்தை மறந்துடணுமா? எதுக்கு?"

"சொல்லலாமோ கூடாதோ தெரியல. 'என் பொண்டாட்டி மூணு வருஷமா எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறா, அவளுக்கு அதுல துளி ஆசை கிடையாது, அவளே அப்படித்தான் சொல்றா, இனிமேலாவது அவளை விட்டுடணும்' அப்படின்னாரு."

இமோஜீன் அருகில் இருந்த மாவு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வினை தன் வாயாலேயே வந்திருக்கிறது. அவள் சொன்ன பொய்யை அந்த மனிதன் அப்படியே நம்பி, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தன் சனிக்கிழமையையும் அவள் சனிக்கிழமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டான். இப்போதும் சும்மா இருந்தால் பத்து நாளில் இறுக்கமான கன்வெர்ட்டர் வந்துவிடும். கார் சமர்த்தாக மேடு ஏறும். அவள் வாழ்க்கையில் அப்புறம் சோள ரொட்டியும் பீன்ஸும்தான்.

"எனக்குப் பிடிக்கும்," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஓட்டப் பிடிக்கும், மிஸ்டர் கின்சர்!" பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "விளக்கு பச்சையாகும்போது முதுகுல ஒரு உதை விழும் பாருங்க, அது எனக்கு வேணும். என் வயசுக்கு வெட்கமா இருக்கு. ஆனா வேணும்."

கின்சர் சிரிக்கவில்லை. "இதுல என்ன வெட்கம் மேடம்? ஆனா ஒன்னு. ரெண்டுக்கும் நட்ட நடுவுலன்னு கன்வெர்ட்டர் கிடையாது. கொஞ்சமாவது ஒரு பக்கம் சாயணும். எந்தப் பக்கம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரே பதிலா சொல்லுங்க. ரெண்டு கதையை வெச்சுக்கிட்டு என்னால கட்ட முடியாது. இன்னொன்னு, எடையைக்கூடத் திருத்தினாரு, அந்த நானூத்தம்பதுலேருந்து மட்டும் இறங்க மாட்டேங்கறாரு. அதை நம்பிக் கட்டி, என்ஜின்ல அவ்வளவு இல்லன்னு வைங்க, பிடி இறுகிப் போயிடும். நீங்க கேட்கற உதை வரவே வராது."

முந்நூற்றுப் பத்து என்று அவளுக்குத் தெரியும். பந்தயத் தடத்தில் கொடுக்கிற வேகச் சீட்டை வைத்து எப்போதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். கண் போய், வேலை போய், உடம்பு போய், அவனிடம் மிச்சம் இருக்கும் ஒரே ஜம்பம் அது. அதை அவன் முதுகுக்குப் பின்னால் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அதை அவன்தான் சொல்லணும்," என்றாள்.

அன்று பிற்பகலும் பர்லின் வேனில்தான் போர்ட்ஸ்மத் போனார்கள். வரிசையாக எட்டு நாற்காலிகள், எட்டு இயந்திரங்கள். லோவெலின் கையில் ஊசியைக் குத்தி இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் இமோஜீன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"லோவெல், உன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. நாலு மணி நேரத்துக்கு நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

"மூணு வருஷமா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டிருக்கேன்."

"யாரு அந்த ஆளு? பர்லா இருந்தா மட்டும் தாங்க மாட்டேன்."

பக்கத்து நாற்காலிக் கிழவர் களுக்கென்று சிரித்தார்.

"விளையாடாத. பந்தயத்துல ஓட்டறது உனக்காக இல்ல. எனக்காக. எனக்கு அது அவ்வளவு பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குச் சோறு தண்ணி இறங்காது, தெரியுமா உனக்கு?"

லோவெலின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "அப்புறம் ஏன் எனக்காக எனக்காகன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச?"

"உன் கண்ணு போனதாலதானே எனக்கு அந்த டிரைவர் சீட்டு கிடைச்சுது? அதுல உட்கார்ந்து நான் சந்தோஷமா இருக்கேன்னு எந்த வாயால சொல்றது?"

அவன் ஊசி இல்லாத கையை நீட்டித் துழாவினான். அவள் தன் கையைக் கொடுத்தாள். "அடிப் பைத்தியக்காரி," என்றான். "நான் அங்க வேலியோரமா நின்னுக்கிட்டு, இவளை இந்தப் பாடு படுத்தறோமேன்னு ஒவ்வொரு வாரமும் வெந்துட்டிருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பக்கத்து நாற்காலிக் கிழவர் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கின்சர் இரண்டு கதைகளைப் பற்றியும் நானூற்றைம்பதைப் பற்றியும் சொன்னதை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முந்நூற்றுப் பத்து என்று மட்டும் அவள் சொல்லவில்லை. லோவெல் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டான். நானூற்றைம்பது என்றால் உதை வராது. அது அவனுக்குத் தெரியாததா?

"நர்ஸம்மா," என்று கூப்பிட்டான், "அந்தப் போனைக் கொஞ்சம் இங்க இழுத்துக் கொண்டாங்க."

வாசலில் காபியோடு நின்றிருந்த பர்ல் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கின்சர், டாக்கெட் பேசறேன். எழுதிக்கோங்க. முந்நூத்திப் பத்து குதிரை." அறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான். "ஆமா, முந்நூத்திப் பத்து. பர்ல், நீ வாசல்லதான் நிக்கறன்னு தெரியும், இருமாத. ஓட்டறது என் பொண்டாட்டி. நல்லா ஓட்டுவா. அந்த மேடு தாங்கற வரைக்கும் பந்தயப் பக்கமா சாய்ச்சுக் கட்டுங்க. அதுக்கு மேல ஒரு இழை கூட வேணாம்."

பர்ல் இருமவில்லை. கையில் இருந்த காபியைக்கூட மறந்து வாயைப் பிளந்தபடி நின்றான்.

பத்தாவது நாள் கன்வெர்ட்டர் வந்தது. என்ஜின் இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றுக்கு வந்ததும் பிடிக்கிற மாதிரி கட்டியிருந்தார் கின்சர். எண்ணெயைக் குளிர வைக்க முன்பக்கம் ஒரு சின்ன ரேடியேட்டரும் மாட்டச் சொல்லியிருந்தார். பர்ல் காருக்கு அடியில் படுத்து முடுக்க, லோவெல் கையால் தடவிப் பார்த்து அவனைத் திட்டத் திட்ட, இரண்டு நாளில் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ட்ரீசா பின் சீட்டில் உட்கார்ந்து வெப்பமானியையே முறைத்துக்கொண்டு வந்தாள். சாயர் மேட்டில் முள் கொஞ்சம் ஏறியது, நின்றது, இறங்கியது. லோவெல் முன் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் ட்ரீசா விடுகிறவளா? "மேடு ஏறிடுச்சு, சரி. ஆனா அப்பாவுக்காக நீ இந்த வயசுல இதைக் கட்டிக்கிட்டு அழணுமாம்மா? லெக்சிங்டன்காரர் ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கார். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நானே அப்பாகிட்டப் பேசறேன்."

"நாளைக்கு வந்து பாரு," என்றாள் இமோஜீன்.

சனிக்கிழமை காலையில் வெறுமனே ஓட்டிப் பார்த்தபோது, உண்மைக் கணக்குக்குக் கட்டியதாலோ என்னவோ, கார் பழைய எட்டே காலைவிடச் சீக்கிரமாக எட்டு புள்ளி ஒன்று பூஜ்யத்தில் ஓடியது. அதையே கண்ணாடியில் எழுதினாள். முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவது சுற்றில் ஒரு டிரக்கை மயிரிழையில் முந்தினாள். லோவெல் ட்ரீசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று, ஒவ்வொரு தடவையும் என்ஜின் சீறி எழுந்து பிடிக்கும் இடத்தில், "இதோ, இதோ!" என்று கத்தினான்.

மூன்றாவது சுற்றில் வெயில் இறங்கிக் காற்று குளிர்ந்திருந்தது. இமோஜீன் எண்ணை மாற்றவில்லை. காற்று குளிர்ந்தால் கார் வேகம் எடுக்கும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். புதுக் கன்வெர்ட்டரின் முதல் உதையை வாங்கிய சந்தோஷத்தில் அவளுக்கு அது மறந்தே போய்விட்டது. எதிராளியை முந்திக்கொண்டு முதலில்தான் வந்தாள். பலகையில் எட்டு புள்ளி பூஜ்யம் எட்டு என்று விழுந்தது. எழுதியதைவிட நூறில் இரண்டு பங்கு சீக்கிரம். தோல்வி.

காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்தரையில் வீசி எறிந்தாள். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடச் சமையல்காரியின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. பர்ல் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"நூத்துல ரெண்டு பங்கு! காத்து மாறினது தெரியலையா எனக்கு? என் புத்தி எங்க போச்சு? ஏன் பர்ல், மரம் மாதிரி நின்னுட்டு இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னா என்ன உனக்கு?" டயரை ஓர் எத்து எத்தினாள்.

வேலியோரத்திலிருந்து லோவெல் இதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அவன் கேட்டறியாத வார்த்தைகள்.

"ட்ரீசா, அவ முகம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"செக்கச் செவேல்னு இருக்குப்பா. கிட்டப் போனா கடிச்சு வெச்சுடுவா போல இருக்கு."

லோவெல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தான். ட்ரீசா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே இமோஜீன் கண்ணாடியில் இருந்த எண்ணைச் சட்டைக் கையாலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லெக்சிங்டன்காரரை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன்பா," என்றாள் ட்ரீசா.